உருமாறும் புல்லட் ரயில் பொம்மையை எப்படி ரசிப்பது

உருமாறும் ரோபோ பொம்மை என்பது ஒரே பாகங்களைக் கொண்டே, எதையும் கழற்றாமலோ மிகச் சிலவற்றை மட்டும் கழற்றியோ, வாகனத்திலிருந்து மனித உருவமாகவும் மீண்டும் வாகனமாகவும் மடக்கி விரிக்கத்தக்க பொருளாகும். இவற்றுள் அதிவேக ரயிலை மூலமாகக் கொண்டவை தனித்து ஆராயத்தக்கவை. காருக்குக் கதவும் விமானத்துக்கு இறக்கையும் இருப்பதால் அவை கைகளாகவும் தோள்களாகவும் எளிதில் விரிகின்றன, ரயில் பெட்டியோ வெளியே எதுவும் நீட்டாத நீண்ட வழவழப்பான குழாய். அந்தக் குழாயிலிருந்து தலை, தோள், இடுப்பு, பாதம் அனைத்தையும் எடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியை வடிவமைப்பாளர் எவ்வாறு தீர்த்தார் என்பதைக் கண்ணாலும் விரலாலும் படிப்பதே இப்பொம்மையின் ரசனை. அலமாரியில் நிற்கும் ரோபோவின் முகத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுவோர் பொம்மையின் சிறந்த பகுதியை, அதாவது இரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட வழியைத் தவறவிடுகின்றனர். காக்களூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதிகளில் மோல்டு, டை, அசெம்பிளி ஆகிய வேலைகளில் பழகியவர்களுக்கு அந்த வழியைப் படிக்கும் ஆற்றலில் பாதி தொழிலாலேயே வாய்த்திருக்கிறது.

இவ்வகைப் பொம்மையின் பிறப்பிடம் ஜப்பான். டகாரா நிறுவனம் 1980இல் தொடங்கிய டயாக்ளோன் வரிசையிலிருந்த பல அச்சுகள் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வழியாக 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவின. ரயிலாக மாறும் ஆறு ரோபோக்கள் 1987இல் வெளிவந்த ‘ஹெட்மாஸ்டர்ஸ்’ என்னும் ஜப்பானியத் தொடரில் டிரெயின்பாட்டுகள் என்ற குழுவாக இடம்பெற்றன. ஆறும் இணைந்தால் ராய்டென் என்ற பெரிய ரோபோ உருவாகும். குழுவின் தலைவனான ஷௌகி, ஷின்கான்சென் எனப்படும் ஜப்பானியப் புல்லட் ரயில்களுள் 0 வரிசையையும், யுகிகாஸே 200 வரிசை ஷின்கான்செனையும், கெட்சுயெய் இஎஃப்65 மின் எஞ்சினையும், கயென் டிஇ10 டீசல் எஞ்சினையும் மூலமாகக் கொண்டவை. இவ்வாகனங்களை ஓட்டிவந்த ஜப்பானியத் தேசிய ரயில்வே அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று பிரிக்கப்பட்டுத் தனி நிறுவனங்களாயிற்று என்பதால், இப்பொம்மைகள் ஒரு காலகட்டத்தின் முடிவை அறியாமலேயே பதிவு செய்துவிட்டன. டகாராவும் டோமியும் 2006இல் இணைந்தன. அந்நிறுவனம் 2020களில் அதே ஆறு ரயில்களையும் சேகரிப்பாளர்களுக்கான மாஸ்டர்பீஸ் வரிசையில், ஷௌகியை முதலாகக் கொண்டு, புதிதாக வடிவமைத்து வெளியிட்டது. இதற்கு இணையாக, 2015இல் கடைக்கு வந்து 2018இல் தொலைக்காட்சித் தொடராகவும் வளர்ந்த ஷின்கலியன் சிறுவர்களுக்கான வரிசையாகும்.

பொம்மையைக் கையில் எடுக்குமுன் மூல ரயிலை அறிந்திருப்பது அவசியம். டோக்கியோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையிலான 515 கி.மீ. பாதையில் 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கிய 0 வரிசை, மணிக்கு 210 கி.மீ. வேகத்தை எட்டியது. அதன் பெட்டி ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 3.38 மீட்டர் அகலமும் கொண்டது. நிறம் தந்த வெண்மையும் நீலமும். மூக்கு உருண்டை, அதன் நுனியில் இணைப்பியை மறைக்கும் வட்ட மூடி. 2011இல் வந்த இ5 வரிசையோ 320 கி.மீ. வேகத்தில் ஓடுவது, அதன் மூக்கு மட்டும் 15 மீட்டர் நீளமுடையது. இந்நீளம் அலங்காரம் அன்று. அதிவேக ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது முன்னால் நெருக்கப்படும் காற்று அழுத்த அலையாகச் சுரங்கம் முழுதும் ஓடி மறுவாயிலில் வெடியோசையாக வெளிப்படுவதால், அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்படி மூக்கு நீட்டப்பட்டது. எனவே 0 வரிசைப் பொம்மையில் மூக்கின் உருட்சியும் இ5 பொம்மையில் மூக்கின் நீட்சியும் சிதைந்திருந்தால், ரோபோ எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் அப்பொம்மை தன் மூலத்துக்கு உண்மையாக இல்லை என்றே கொள்ள வேண்டும்.

மேற்சொன்ன அளவுகளின்படி 0 வரிசைப் பெட்டியின் நீளம் அகலத்தைப் போல் ஏழு மடங்குக்கு மேல். மனித உருவத்தில் உயரம் தோள் அகலத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த ஏழை நான்காக்குவதுதான் வடிவமைப்பாளரின் முதல் கணக்கு. ஒரு வழி, பெட்டியின் நீளத்தையே குறுக்கிவிடுவது. இதில் வேலை எளிதாகும், ஆனால் ரயில் குட்டையாகி அதன் வேகத் தோற்றம் போய்விடும். இன்னொரு வழி, பெட்டியை நடுவில் மடித்து நீளத்தைத் தடிமனாக மாற்றுவது. மூன்றாவது, வெளிச்சுவர்களைத் தகடுகளாகப் பிரித்து உள்ளே பொதிந்துள்ள உடலை விரிப்பது. மாஸ்டர்பீஸ் வரிசை பெரிதும் நாடுவது இதையே. ஷின்கலியனின் இ5 வேறொரு தீர்வைக் காட்டுகிறது: ஒரு பெட்டி மேலுடலாகவும் மற்றொரு பெட்டி கீழுடலாகவும் மாறி இணைகின்றன. பெட்டிகளைச் சேர்த்து ஓட்டுவது ரயிலின் இயல்பு என்பதால், அந்த இயல்பையே உருமாற்றத்தின் வழியாக்கிய இத்தீர்வு மிகுந்த பாராட்டுக்குரியது. 1959 முதல் ஜப்பானியக் குழந்தைகள் நீல நிறப் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் ஓட்டிவரும் பிளாரயில் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் ஷின்கலியன் பெட்டிகள் குட்டையாக அமைந்தன. அதைக் குறையாக எண்ணுவது பொருந்தாது.

உருமாற்றும்போது விரல் மெதுவாகச் செல்ல வேண்டும். முதன்முறை வழிகாட்டித் தாளின் வரிசையை மீறாமல் செய்வதே நல்லது. ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகளை எழுப்பலாம்: இந்தத் தகடு இப்போது எங்கே போகிறது, போன இடத்தில் அதற்கு வேலை இருக்கிறதா, அது போனதால் திறந்த இடத்தை எது நிரப்புகிறது. ரோபோ வடிவில் எந்தப் பயனுமின்றி முதுகிலோ முழங்கையிலோ தொங்கும் வாகனப் பகுதியை எச்சப்பகுதி எனலாம். ரயில் பொம்மையில் கூரையும் பக்கச் சுவரும் எச்சமாகித் தொங்குவதே பெரும்பாலும் நேரும் குறை. சுவர் காலின் வெளிப்புறமாகவும் கூரை முதுகின் கவசமாகவும் படிந்து அமையும்போது, ரயிலின் ஜன்னல் வரிசை ரோபோவின் உடலிலும் அழகாகத் தொடர்வதைக் காணலாம். மூட்டுகளின் ஓசையும் கவனிக்கத்தக்கது. பல்சக்கரம் போல் படிப்படியாக நிற்கும் ராட்செட் மூட்டு இடுப்பிலும் தோளிலும் எடையைத் தாங்க உதவுகிறது, உராய்வால் மட்டும் நிற்கும் மூட்டு சிறு பாகங்களுக்குப் போதும். 1980களின் பொம்மைகளில் மூட்டுகள் மிகக் குறைவு. அவற்றை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமன்று, ஏனெனில் அவற்றின் சிறப்பு சில அசைவுகளிலேயே முழு மாற்றத்தையும் முடிக்கும் சுருக்கத்தில் இருக்கிறது.

தொழிற்பகுதி வாசகரின் கண் மிகுதியும் பயன்படுவது இனிமேல்தான். இஞ்செக்ஷன் மோல்டிங் என்பது உருகிய பிளாஸ்டிக்கை உயரழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்திக் குளிரவைத்து எடுக்கும் முறை. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் பாகத்தின் மேல் பதியும் கோடு பார்ட்டிங் லைன். பிளாஸ்டிக் புகுந்த வாயின் தழும்பு கேட் மார்க். தடித்த பகுதி குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பில் விழும் குழி சிங்க் மார்க். அச்சின் இடுக்கில் கசிந்து ஓரத்தில் நிற்கும் படலம் ஃப்ளாஷ். வெண்மையான, வளைந்த, மினுக்கும் ரயில் மூக்கில் இவற்றுள் எதையும் ஒளிக்க முடியாது என்பதால், விளக்கொளியைச் சாய்வாக விழச்செய்து மூக்கைச் சுழற்றிப் பார்த்தாலே அச்சு செய்தவரின் தரம் தெரிந்துவிடும். வெளிச்சுவருக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும், தேய்மானம் தாங்க வேண்டிய மூட்டுகளுக்குப் பாலிஅசிட்டால் எனப்படும் பிஓஎம் பிளாஸ்டிக்கும், எடையும் உறுதியும் வேண்டிய இடங்களில் துத்தநாகக் கலவை வார்ப்பும் பயன்படுகின்றன. ஏபிஎஸ் குளிரும்போது ஏறத்தாழ அரை விழுக்காடு சுருங்க, பிஓஎம் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு சுருங்குகிறது. வெவ்வேறு அளவில் சுருங்கும் இவ்விரண்டையும் ஒரே கீலில் ஆட்டமின்றிப் பொருத்துவது எத்தகைய வேலை என்பதை, கிண்டியில் 1968 முதல் இயங்கிவரும் சிப்பெட் நிறுவனத்தில் பயின்றவர்களுக்கோ டூல்ரூமில் கையைக் கறுக்கவைத்தவர்களுக்கோ விளக்கவேண்டியதில்லை.

அளவுப் பிழை கூடிக்கொண்டே போவதும் இங்கே முக்கியம். ஒவ்வொரு கீலிலும் 0.1 மி.மீ. பிழை இருந்தால், ஐந்து கீல்களைக் கடந்து வரும் தகடு 0.5 மி.மீ. வரை விலகி நிற்கலாம், வெள்ளைச் சுவரில் ஓடும் நீலப் பட்டையில் அவ்விலகல் உடைந்த கோடாகப் பளிச்செனத் தெரியும். மிட்சுபிஷி லான்சர் கார்கள் உருவான திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை போன்ற வாகன ஆலைகளில், பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலான இடைவெளி சீராக இருக்கிறதா எனச் சோதிப்பது வழக்கம். அதே சோதனையைப் பொம்மையின் பட்டையிலும் ஜன்னல் வரிசையிலும் செய்தால், ரயில் வடிவம் உண்மையில் பூட்டிக்கொண்டதா, வெறுமனே ஒட்டி நிற்கிறதா என்பது விளங்கும்.

கண்ணைப் பழக்க ஜப்பான் செல்ல வேண்டியதில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் பாதையில் அமைந்த திருவள்ளூரைக் கடந்து, இன்று மைசூரு, கோவை வந்தே பாரத் ரயில்கள் செல்கின்றன. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் உருவாகி 2018இல் வெளிவந்த முதல் வந்தே பாரத் ரயில் சோதனையில் 180 கி.மீ. வேகத்தை எட்டியது, அதிவேக ரயில் என்ற வரையறைக்கு அது எட்டாவிட்டாலும், தனி எஞ்சின் இன்றிப் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்களைப் பகிர்ந்து வைக்கும் முறையில் ஷின்கான்செனின் உறவுதான். நடைமேடையில் நிற்பவர், அம்மூக்கை எங்கே வெட்டினால் தோள் கிடைக்கும், அடிப்பகுதி மூடிகளை எவ்வாறு திருப்பினால் பாதமாகும் என்று மனத்துக்குள் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு மாறாகக் கும்மிடிப்பூண்டி புறநகர் மின்ரயிலின் தட்டையான முகம் அப்படியே மார்பாக நிற்கத் தக்கது; கூரிய மூக்கு ஏன் கடினம் என்பதை அவ்விரண்டையும் ஒப்பிடும்போது தெளிவாக உணரலாம்.

வாங்குவோர் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்ததால் இறக்குமதிப் பொம்மைகளின் விலை கூடுதலாகவே இருக்கும். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால், குழந்தைக்கு வாங்கும்போது முதலில் அதைப் பார்க்க வேண்டும். பழைய பொம்மையாயின் கீல்களின் அருகே வெண்ணிறத் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பிளாஸ்டிக் விரிசலை நெருங்கிவிட்டதன் அறிகுறி. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலுள்ள பியூட்டாடையீன் ஒளியாலும் ஆக்சிஜனாலும் மாறுவதால் வெண்மை மஞ்சளாகும். இதில் 0 வரிசை போன்ற வெண்ணிறப் பொம்மைகளே மிகுதியும் பாதிக்கப்படுகின்றன, ஆகவே ஜன்னலோர வெயிலில் அவற்றை வைப்பது தகாது. பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்று எஃகு ஊசிகளையும் திருகுகளையும் துருவேற்றும். எஃகு ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியின் தூசி கீல்களுக்குள் புகுந்து அரைக்கும். மூடிய கண்ணாடிப் பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், மென்மையான தூரிகை ஆகிய மூன்றும் போதும். இறுகிய மூட்டுக்குப் பட்டறை எண்ணெய் விடுவது பெருந்தவறு. சில எண்ணெய்கள் ஏபிஎஸ்ஸைப் பிளக்கச் செய்யும்.

டிரெயின்பாட்டுகள் ஆறையும் சேர்த்து ராய்டெனை நிறுத்த விரும்புவோர், இணைந்த உருவத்தின் பிரம்மாண்டத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பிரித்து ரயில்களாக வரிசைப்படுத்தியும் பார்க்க வேண்டும். ஷின்கான்சென் 1,435 மி.மீ. அகலமுள்ள பாதையில் ஓடுவது. கெட்சுயெயின் மூலமான இஎஃப்65 எஞ்சினோ 1,067 மி.மீ. குறுகிய பாதைக்குரியது, உடல் அகலமும் குறைந்தது. உண்மையில் ஒரே தண்டவாளத்தில் ஓடவே முடியாத இவ்வாகனங்களை ஒரே ரோபோவின் உறுப்புகளாக்கும்போது, ஷௌகியையும் யுகிகாஸேயையும் மற்றவற்றைவிடச் சற்றே அகலமாகக் காட்டியிருக்கிறாரா, அல்லது இணைப்பின் வசதிக்காக அனைத்தையும் ஒரே அளவாக்கிவிட்டாரா என்பதில் வடிவமைப்பாளரின் முடிவு வெளிப்படுகிறது; 1,676 மி.மீ. அகலப் பாதையையும் அண்மைக்காலம் வரை மீட்டர் கேஜையும் அருகருகே கண்டுவந்த தமிழ்நாட்டு ரயில் ரசிகருக்கு அந்த வேறுபாடு அளவுகோல் இல்லாமலேயே கண்ணில் படும்.