குழந்தைகள் இல்லாத அறை

பெற்ற பிள்ளைகளை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் இரண்டு நாள் அந்நிய நாட்டில் தனியாக இருந்துவிட்டு வருவது கேட்பதற்கு இனிமையான விஷயம்தான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இது ஆபத்தான விஷயம். கடற்கரை, மெழுகுவத்தி, மாலை வெயில் என்று நாலு சாமான்களைப் பரப்பி வைத்து, இழந்த காதலைத் திரும்பப் பெற்றார்கள் என்று முடித்துவிடலாம். வாசகரும் சந்தோஷமாகத் தூங்கப் போவார். அப்படி முடிக்காமல் விஷயத்தை நேருக்கு நேர் பார்த்த இரண்டு படங்கள் 2013-ஆம் வருஷத்தில் வெளிவந்தன. சினிமாவைப் பற்றி எழுதுவது என் வழக்கம் அல்ல. ஆனால் இந்த இரண்டுக்கும் உயிர் பேச்சில்தான் இருக்கிறது. ஆகவே கதைக்காரன் வாயைத் திறந்தால் தப்பில்லை.

முதலாவது, ரோஜர் மிஷல் டைரக்ட் செய்த 'லு வீக்-எண்ட்'. எழுதியவர் நாவலாசிரியர் ஹனீஃப் குரேஷி. பர்மிங்ஹாமில் வாத்தியார் உத்தியோகம் பார்க்கும் நிக்கும் மெக்கும், தங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்காகப் பாரிஸுக்கு ரயிலேறுகிறார்கள். தேனிலவுக்குத் தங்கிய அதே ஹோட்டலில் நிக் அறை பிடித்து வைத்திருக்கிறான். அறை குறுகல், அதன் வர்ணமே மெக்குக்குப் பிடிக்கவில்லை. விடுவிடென்று வெளியே வந்துவிடுகிறாள். பிறகு, தங்களுக்குக் கட்டுப்படியாகாத ராஜபோக ஹோட்டல் ஒன்றில் போய் இறங்குகிறார்கள். இந்த ஆரம்பம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய இடத்துக்குப் போனால் பழைய மனசும் அங்கேயே காத்திருக்கும் என்று கணவன் நம்புகிறான். மனைவிக்கு அந்த நம்பிக்கை துளியும் இல்லை.

இவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள். விட்டுவிட்டு வருவதற்கு வீட்டில் யாருமே இல்லையே என்று நாம் நினைக்கும்போது டெலிபோன் அடிக்கிறது. மகன் பேசுகிறான். பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பவும் உங்கள் வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்கிறான். தகப்பன் இளகுகிறான். தாய் முடியாது என்கிறாள். பிள்ளையை ஆளாக்கியாயிற்று, மிச்ச நாள் எனக்கு என்று ஒரு தாய் சொன்னால், அவளைக் கல்நெஞ்சுக்காரியாக்கிவிடுவது எழுதுகிறவர்களுக்கு வெகு சுலபம். குரேஷி அதைச் செய்யவில்லை. அவளுடைய நியாயத்தை அவளுடைய கோபத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். நாமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு கதை கொஞ்சம் கால் தடுமாறுகிறது. மார்கன் என்று ஒரு பழைய சிநேகிதன் தெருவில் எதிர்ப்படுகிறான். கேம்பிரிட்ஜில் கூடப் படித்தவன், பேர் பெற்றவன், பணக்காரன். அவன் வீட்டு விருந்தில், அத்தனை பேர் முன்னிலையிலும் நிக் தன் தோல்விகளைக் கொட்டித் தீர்க்கிறான். உருக்கமான கட்டம்தான், ஜிம் பிராட்பெண்ட் பிரமாதமாக நடிக்கிறார். ஆனால் கணவன் மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சாப்பாட்டு மேஜைக்குச் சொல்வது ஒரு தப்பித்தல் அல்லவா? கடைசியில் மூவரும் ஒரு காப்பிக் கடையில் ஆடுகிறார்களே, அந்த நடனம் கோதார் 1964-ல் எடுத்த ஒரு படத்திலிருந்து இரவல் வாங்கியது. பார்க்க அழகாக இருக்கிறது. தம்பதியின் வழக்கு மட்டும் தீர்ப்பில்லாமல் நிற்கிறது.

இரண்டாவது படம், ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர் மிட்நைட்'. நடித்த ஈத்தன் ஹாக்கும் ஜூலி டெல்பியும் அவரோடு சேர்ந்து வசனம் எழுதியிருக்கிறார்கள். இதே ஜோடி 1995-ல் வந்த படத்தில் வியன்னாவில் ஓர் இரவு சுற்றியது. 2004-ல் வந்த படத்தில் பாரிஸில் ஒரு மாலை சந்தித்தது. இப்போது ஜெஸ்ஸியும் செலினும் பாரிஸில் குடும்பம் நடத்துகிறார்கள். இரட்டைப் பெண் குழந்தைகள். கோடைக்கு கிரீஸ் வந்த இடத்தில், சிநேகிதர்கள் குழந்தைகளைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு ராத்திரி தனியாக இருந்துவிட்டு வாருங்கள் என்று ஹோட்டல் அறை ஒன்றைப் பரிசளிக்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஒரு கார்ப் பயணம். பின் ஸீட்டில் குழந்தைகள் தூங்குகின்றன. ஒரு குழந்தையின் கையில் கடித்த ஆப்பிள். அதை ஜெஸ்ஸி மெல்ல எடுத்துத் தின்றுவிடுகிறான். இந்த ஆப்பிளுக்காகவே டைரக்டருக்கு ஒரு நமஸ்காரம் போடலாம். குழந்தைகள் பின்னால் இருக்கும்வரை அவர்கள் பேச்சில் சண்டை வருவதும், எழும்பாமல் அமுங்கிவிடுவதுமாக இருக்கிறது. ஹோட்டல் அறையில் அதை அமுக்க யாரும் இல்லை.

அங்கேயும் டெலிபோன்தான் அடிக்கிறது. முதல் தாரத்து மகன், அமெரிக்காவில் தாயிடம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் பையன், வழியில் கூப்பிடுகிறான். செலின் பேசுகிறாள், பேசி முடித்துத் தகப்பனிடம் கொடுக்காமலே வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான். சிகாகோவுக்குக் குடிபோவதா, அவள் உத்தியோகம் என்ன ஆவது, யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கட்டவிழ்கிறது. அவன் நாவல் எழுதுகிறான். எழுதப் பொழுது கிடைக்கிறதே, அந்தப் பொழுது யாருடையது என்பதுதான் அவள் கேள்வி. எழுத்தாளர்களின் மனைவிமார் இந்த இடத்தில் கை தட்டுவார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்கு ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதி ஞாபகம் வந்தது. மகளின் இல்லறத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, புதல்வன் நடுவில் கிடக்க இருபுறமும் தாயும் தந்தையும் படுத்திருந்த காட்சியைச் சொல்லி மகிழ்கிறாள். குட்டியை நடுவில் இட்டுப் படுத்த மான் ஜோடியை உவமை காட்டுகிறார் பேயனார். அங்கே குழந்தை இருவரையும் சேர்த்துவைக்கிறது. செவிலி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்பதை மறந்துவிடக் கூடாது. நடுவில் கிடக்கும் குழந்தையை ஒரு ராத்திரிக்கு அப்புறப்படுத்திவிட்டு, மிச்சமிருக்கும் இடைவெளியை அளந்து பார்க்கிறார் லிங்க்லேட்டர். குழந்தை இணைக்கவும் செய்கிறது, மறைக்கவும் செய்கிறது என்று அந்தப் படுக்கை காட்டிக் கொடுக்கிறது.

இந்தக் காரணத்தால்தான் இரண்டில் இதையே உசத்தி என்று சொல்வேன். மார்கனைப் போல மூன்றாம் மனிதன் யாரும் வந்து காப்பாற்றவில்லை. தம்பதியின் வெளிநாட்டுப் பயணத்தை வைத்து ரோசலினி 1954-ல் ஓர் இத்தாலியப் படம் தந்தார். அந்தத் தம்பதிக்குக் குழந்தை கிடையாது; இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்ற பேச்சு அவர்களிடையே வருகிறது. பிரிந்தே போக இருந்தவர்களை, கோயில் ஊர்வலக் கூட்டத்தின் நடுவே ஓர் அற்புதம் போலச் சேர்த்துவைக்கிறார் ரோசலினி. லிங்க்லேட்டரிடம் அற்புதம் கைவசம் இல்லை. எதிர்காலத்திலிருந்து அவளே அவளுக்கு எழுதிய கடிதம் என்று சொல்லி, ஜெஸ்ஸி ஒரு விளையாட்டு விளையாடுகிறான். பொய்க் கடிதம், அசட்டு விளையாட்டு. அவள் முதலில் சேரவில்லை. நெடுநேரம் கழித்துச் சேர்கிறாள்.

மன்னித்தாளா, அலுத்துப்போய் விட்டுக்கொடுத்தாளா என்று படம் சொல்லவில்லை. டெல்பியின் முகத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. ராத்திரியோடு படத்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் தலை வாரியது யார் என்று ஒரு காட்சி வைத்திருந்தால், அதற்காகவே இன்னொரு முறை டிக்கெட் வாங்கியிருப்பேன்.