கண்டறிதல் என்னும் சடங்கு

2007ஆம் ஆண்டின் பாடவிதானச் சீர்திருத்தம் இலங்கைப் பாடசாலைகளுக்கு 'ஐந்து ஈ' முறையைக் கொணர்ந்தது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என ஐந்து படிகள். மாணவன் தானே தேடியறிய வேண்டும் என்ற கொள்கையைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. வகுப்பறையில் அது என்னவாயிற்று என்பதே கேள்வி.

ஒளித்தொகுப்புப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். செடியை இரண்டு நாள் இருளில் வைத்து, இலையிலுள்ள மாப்பொருளை அகற்ற வேண்டும். பின்னர் இலையின் ஒரு பகுதியைக் கருங்கடதாசியால் மறைத்து வெயிலில் வைக்க வேண்டும். அவ்விலையை அவித்து, மதுசாரத்தில் பச்சையம் நீக்கி, அயடீன் இட்டால் ஒளிபட்ட பகுதி கருநீலமாகும். மறைத்த பகுதி ஆகாது. இருளில் வைப்பது எதற்கு? வைக்காவிடின், காணும் மாப்பொருள் இன்று உண்டானதா, நேற்றே இருந்ததா என்று எவர் சொல்வது? விஞ்ஞானத்தின் உயிர் இந்த ஐயத்திலேதான் இருக்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளையில் முதலில் பலியாவதும் இதுவே. 'அவதானம்: கருநீலம்' என்று ஆசிரியர் சொல்ல, இலையையே காணாத பிள்ளை எழுதிக்கொள்கிறது, பரீட்சையில் புள்ளியும் பெறுகிறது.

ஆய்வுகூடமுள்ள நகரப் பாடசாலைக்கு இது சிறு குறை. தாய் நாள்முழுதும் கொழுந்து கொய்யும் தோட்டத்துப் பிள்ளைக்கோ, சுற்றிலும் இலைகளே இருந்தும், விஞ்ஞானமென்பது பிறர் கண்டதை மனனஞ் செய்வதாகிவிடுகிறது.

பழைய சுண்ணக்கட்டிப் போதனைக்கே திரும்புவோம் என்பாருடன் நான் உடன்படேன். சோற்றுக் கஞ்சியில் ஒரு துளி அயடீன் விட ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஆனால், சாதாரண தரப் பரீட்சை விஞ்ஞானத்தை எழுத்து வினாத்தாள்களாலேயே அளந்துகொண்டிருக்க, ஆசிரியரை மட்டும் கண்டிப்பது நேர்மையாகாது. வழிகாட்டி நூலை எழுதுவோரும் வினாத்தாளை அமைப்போரும் ஒரே மேசையில் அமர்வது எப்போது?