பாகூர்ச் செப்பேட்டில் இரண்டு பெயர்கள்

ஒரு சாசனத்தைக் கையில் எடுத்தால் நாம் முதலில் தேடுவது என்ன? எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எவ்வளவு நிலம். தகவல் கிடைத்ததும் வேலை முடிந்தது. அதைப் பாடியவர் யார், எழுத்தை வெட்டியவர் யார் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல நேரம் வருவதே இல்லை. நம்ம பாகூர்ச் செப்பேட்டுக்கும் இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பாகூர். மூலநாதர் கோயில் இருக்கும் ஊர். 9ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கல்விச்சாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், நிலைதாங்கி என்ற தலைவனின் வேண்டுகோளை ஏற்று, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் அந்தக் கல்விச்சாலைக்கு அளிக்கப்பட்டது. அந்தக் கொடைக்கான ஆவணம்தான் இந்தச் செப்பேடு. வரலாற்று நூல்களில் இது "பல்லவர் காலக் கல்வி" என்ற அத்தியாயத்தில் தவறாமல் வரும்.

அது சரி. ஆனால் இதே செப்பேட்டில் இன்னொரு விஷயமும் பதிவாகியிருக்கிறது. சமஸ்கிருதப் புகழ்ப்பாடலை இயற்றியவர் நாகய்யன். செம்பில் எழுதியவர், கச்சிப்பேட்டில் (இன்றைய காஞ்சிபுரம்) உதிதோதயப் பெருந்தட்டான் வழிவந்த பொற்கொல்லர். கவிஞர் ஒருவர், எழுத்துக் கலைஞர் ஒருவர். இருவரும் ஒரே ஆவணத்தில், அரசன் பெயர் இருக்கும் அதே செம்பில் பதிவாகியிருக்கிறார்கள்.

இதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்லலாமா? என் பதில்: சொல்லலாம். ஆனால் நாம் வழக்கமாக நினைக்கும் அர்த்தத்தில் இல்லை.

முதலில் எதிர்வாதத்தைப் பார்ப்போம். பெயர் போட்டதாலேயே கலைஞன் ஆகிவிட முடியுமா? இன்றைக்கும் கிரயப் பத்திரத்தின் கடைசியில் பத்திர எழுத்தர் தன் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுக் கையெழுத்து வைக்கிறார். அது கலை இல்லை, பொறுப்பேற்பு. நாளைக்கு வழக்கு வந்தால் "எழுதினது நான்தான்" என்று சொல்ல ஆள் வேண்டும். பெருந்தட்டான் குடும்பத்தின் பெயரும் அதே காரணத்துக்காக இருந்திருக்கலாம். நியாயமான வாதம்தான்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. கவிஞரும் எழுத்துக் கலைஞரும் சேர்ந்து வேலை செய்ததற்கு 20ஆம் நூற்றாண்டு உதாரணம் ஸ்காட்லாந்தின் இயன் ஹாமில்டன் ஃபின்லே (1925–2006). 1966 முதல் ஸ்டோனிபாத் என்ற இடத்தில் 'லிட்டில் ஸ்பார்ட்டா' என்ற தோட்டத்தை உருவாக்கி, கல்லிலும் மரத்திலும் கவிதைகளை நட்டுவைத்தவர். அவர் தன் கையால் கல் வெட்டியவர் இல்லை. மைக்கேல் ஹார்வி, நிக்கலஸ் ஸ்லோன், ஜான் ஆண்ட்ரூ போன்றவர்களோடு சேர்ந்து செய்தார், அவர்களின் பெயரையும் படைப்போடு சேர்த்தே குறிப்பிட்டார். அங்கே எழுத்தின் வடிவம், சொற்களுக்கு நடுவே விடும் வெற்றிடம், வரி எங்கே உடைகிறது என்பதெல்லாம் கவிதையின் பகுதி. எழுத்தை மாற்றினால் கவிதையே மாறிவிடும்.

பாகூரில் அப்படி எதுவும் இல்லை. பல்லவர் காலச் செப்பேடுகளில் செய்யுளும் உரைநடைபோலவே ஓடும். அடி முடிந்த இடத்தில் வரி முடியாது, தகட்டின் ஓரம் வந்ததும் வரி முடியும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. தமிழ்ப் பகுதிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் நாமேதான் பிரித்துப் படிக்க வேண்டும். அந்தச் செய்யுளைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாய்விட்டுப் படித்தால்தான் யாப்பு வெளியே வரும்.

அப்படியானால் தட்டார் வெறும் பிரிண்டரா?

இங்கேதான் நான் வேறுபடுகிறேன். மூன்று காரணங்கள்.

ஒன்று, அவர் கையாண்டது இரண்டு மொழி, இரண்டு எழுத்து. புகழ்ப்பாடல் சமஸ்கிருதத்தில், கிரந்த எழுத்தில். எல்லைகளும் விலக்குகளும் தமிழில், தமிழ் எழுத்தில். நாகய்யன் பாடியது சமஸ்கிருதப் பகுதியை. முழு ஆவணத்தையும் ஒரே பொருளாகக் கட்டியது செம்பில் எழுதிய கைதான். புள்ளியும் இடைவெளியும் இல்லாத எழுத்தைப் பிழையில்லாமல் வெட்ட, என்ன எழுதுகிறோம் என்று தெரிந்திருந்தால் நல்லது. செம்பில் 'அன்டூ' பட்டன் கிடையாது.

இரண்டு, செப்பேடு என்பது ஒரு கட்டமைப்பு. தகடு அடிப்பது, வளையத்துக்குத் துளை விடுவது, தகடுகள் ஒன்றோடொன்று உரசி எழுத்து தேயாமல் இருக்கப் பல செப்பேடுகளில் ஓரத்தை உயர்த்துவது, வளையத்தில் அரச முத்திரை பதிப்பது. இன்றைய சொல்லில் சொன்னால் இது 'கன்டென்ட்' இல்லை, 'ஸ்டோரேஜ்'. ஆயிரம் வருஷத்துக்கு மேல் படிக்க முடிந்த ஸ்டோரேஜ். நான் வேலை செய்யும் துறையில் பத்து வருஷத்துக்கு முந்தைய ஃபைலைத் திறப்பதே பெரும் பாடு.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கொடைச் சாசனங்களில் சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்த அறம் நிலைக்கட்டும் என்பது வழக்கமான வேண்டுதல், 'சந்திராதித்தவல்' என்று சொல்வார்கள். கவிஞர் அரசனின் குலத்தைப் பாடலாம், வீரத்தைப் பாடலாம். அதற்கெல்லாம் அவர் சொல் போதும். ஆனால் 'நிலைக்கட்டும்' என்ற ஒன்றை மட்டும் சொல்லால் நிறைவேற்ற முடியாது. அதை நிறைவேற்றுவது உலோகம், அதாவது தட்டாரின் வேலை. கவிஞர் வாக்குக் கொடுக்கிறார், தட்டார் அதைக் காப்பாற்றுகிறார். இதுதான் அந்தக் கூட்டின் இயல்பு. ஃபின்லேயின் தோட்டத்தில் எழுத்துக் கலைஞர் கவிதைக்கு உருவம் கொடுத்தார். இங்கே ஆயுள் கொடுத்திருக்கிறார்.

இது பாகூருக்கு மட்டும் உரியதல்ல. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் வேள்விக்குடிச் செப்பேட்டில் தமிழ்ப் பகுதியைப் பாடிய சேனாபதி ஏனாதி சாத்தன் சாத்தனும், எழுதிய யுத்தகேசரிப் பெரும்பணைக்காரனும் பெயரோடு வருகிறார்கள். சோழரின் ஆனைமங்கலச் செப்பேட்டில் கோட்டையூர் அனந்தநாராயணன் கவி, திருவாலங்காட்டுச் செப்பேட்டில் சங்கரன் மகன் நாராயணன் கவி. இரண்டையும் வெட்டியவர்கள் 'ஓவ்ய' என்று குறிக்கப்படும் காஞ்சிபுரத்துக் குடும்பத்தினர், அவர்களும் பெயர் பெயராக. காஞ்சியில் இது தலைமுறைத் தொழிலாகவே இருந்திருக்கிறது.

கல்லுக்கு வந்தால் கதை மாறுகிறது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தி எத்தனையோ கோயில் சுவர்களில் இருக்கிறது. அவ்வளவு பெயர்பெற்ற பாடலின் ஆசிரியர் பெயர் அதில் இல்லை. ஊருக்கு ஊர் வேறு வேறு கைகள் வெட்டியதால் பாடத்திலும் வேறுபாடு உண்டு. கல்லில் இருப்பது பிரதி, செம்பில் இருப்பது மூலம். மூலத்துக்குத்தான் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன என்பது என் ஊகம்.

சரி, இன்றைக்கு? சென்னை வள்ளுவர் கோட்டத்தில் (1976) 1330 குறளும் கல்லில் இருக்கின்றன. கட்டடத்தோடு கணபதி ஸ்தபதியின் பெயர் நினைவுக்கு வரும். அத்தனை எழுத்தையும் வெட்டிய கைகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. அதற்குப் பிறகு வந்த கிரானைட் பலகைகளில் நிலைமை இன்னும் மோசம். கவிதையைக் கணினியில் தட்டி, கையில் இருக்கும் ஃபான்ட்டில் போட்டு, மெஷினில் வெட்டுகிறார்கள். வரி எங்கே உடைய வேண்டும் என்பதைப் பலகையின் அகலம் முடிவு செய்கிறது, சீர் நடுவிலேயே அறுந்து அடுத்த வரிக்குப் போகிறது. செம்பில் இதே காரியத்தைப் பெருந்தட்டான் செய்தாரே என்று கேட்கலாம். அவருடைய வாசகர் யாப்பைக் காதில் வைத்திருந்தார். நாம் கண்ணால் படிப்பவர்கள், நமக்கு வரி உடைப்புதான் யாப்பு. பலகையில் திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர் எல்லோர் பெயரும் இருக்கும். ஃபான்ட்டை வரைந்தவர், வெட்டியவர் பெயர் இருக்காது.

புதுச்சேரி 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த ஊர், 1891இல் பாரதிதாசன் பிறந்த ஊர். இங்கே கவிதை கல்லில் ஏறுவது இனியும் நடக்கும். அப்போது செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. வரி பிரிப்பதைக் கவிதை தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். எழுத்தை வரைந்தவர், வெட்டியவர் பெயரை ஓரத்தில் ஒரு சின்ன வரியில் போடுங்கள்.

ஆர்வமுள்ளவர்கள் பாகூர் சு. குப்புசாமி தொகுத்து, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த 'புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுக்கள்' தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். நிலமும் பொன்னும் எவ்வளவு என்று பார்த்து முடித்தபிறகு, 'எழுத்து' என்று வருகிற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே ஒரு ஆள் இருக்கிறார்.