இறாலுக்குக் கிடைத்த நீதி

அரும்பாவூர் மரச்சிற்பக் கூடத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வாகையும் வேம்பும் மாவும் அங்கே உருவம் பெறுகின்றன. 2020ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட கைத்திறன் அது. சிலைக்கு அச்சாரம் வாங்கியவர் மூத்த சிற்பி. உளி பிடித்தவனோ அவரிடம் தொழில் பயிலும் இளைஞன். உளி சறுக்கி உருவம் சிதைந்தால், அச்சாரம் கொடுத்தவன் யாரைக் கேட்பான்? இளைஞனையா? இல்லை, மூத்தவரைத்தான். "நான் சொன்னதை மீறி அவன் செதுக்கிவிட்டான்" என்று அவர் சமாதானம் கூறினால், "அது உமக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம், எனக்குப் பதில் சொல்லவேண்டியவர் நீர்" என்ற விடைதான் வரும்.

இந்தச் சாமானிய நியாயத்தை அரசுகளுக்கும் பொருத்தி எழுதிட, ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணையத்துக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன! கியூபா நாட்டுக் கார்சியா அமதோர் 1956லே முதல் அறிக்கையை எழுதினார். பின்னர் இத்தாலியின் ரொபர்த்தோ ஆகோ வந்து அடித்தளத்தையே மாற்றினார். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் கிராஃபோர்டு 2001லே முடித்து வைத்தார். மொத்தம் 59 விதிகள். அவ்வாண்டு டிசம்பரிலே ஐ.நா. பொதுச்சபை அதனைக் 'கவனத்தில் கொண்டது'. ஏற்றதா? இல்லை. ஒப்பந்தமாக்கியதா? அதுவுமில்லை. கவனத்தில் கொண்டது, அவ்வளவே. மகஜர் கொண்டுபோன ஊராரிடம் அமைச்சர் கூறுவாரே, "கவனிக்கப்படும்" என்று, அந்தக் கவனம்!

எனினும், ஏட்டைப் பழித்துவிட்டு நகர்ந்திட மனம் ஒப்பவில்லை. படிக்கப் படிக்க வியப்புத் தரும் தெளிவு அதிலே உண்டு. ஓர் அரசு பொறுப்பாளியாவது எப்போது? இரண்டே கேள்விகள். செயல் அந்த அரசினுடையதா? அச்செயல், அந்த அரசு ஏற்றுக்கொண்ட சர்வதேசக் கடமையை மீறியதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் பொறுப்பு வந்து விழுகிறது. அமைச்சனாயினும், நீதிபதியாயினும், துப்பாக்கி தூக்கிய கடைநிலைச் சிப்பாயாயினும், அவன் செயல் அரசின் செயலே. ஆணையை மீறிச் சுட்டான் என்றாலும், அரசின் உடையிலே நின்று சுட்டவனாயின் அரசே பொறுப்பு. "எங்கள் நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறது" என்ற வாதம் செல்லாது. செய்தது மட்டுமல்ல, செய்யவேண்டியதைச் செய்யாது கைகட்டி நின்றதும் குற்றமே. மன்னன் தவறே செய்யான் என்று ஓதிவந்த உலகிலே இது சிறிய முன்னேற்றமன்று.

சிலம்பு படித்தோருக்கு இது புதிதுமன்று. வாளை ஓங்கியவன் காவலன், பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், பாண்டியனோ அரண்மனையிலே இருந்தான். ஆயினும் நெடுஞ்செழியன், "ஏவலாளன் செய்த பிழை" என்று கூறித் தப்பிட முயலவில்லை. பழியைத் தன்மீதே ஏற்றுக்கொண்டான். நான்காம் விதியை அவனுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அதன் பின்னர் மதுரையைக் கண்ணகி எரித்தாளென்றும், பார்ப்பனர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவியர் ஆகியோரைத் தீயினின்று விலக்கினாளென்றும் காப்பியம் கூறுகிறது. சட்ட ஏடு அதனை ஒப்பாது: எதிர்நடவடிக்கை, அடைந்த தீங்கின் அளவைத் தாண்டலாகாது, எவருடைய அடிப்படை மனித உரிமையையும் தொடலாகாது. விலக்குப் பட்டியலிலே பசு இடம்பெறுவதும், பாடுபடும் பாட்டாளி இடம்பெறாததும் தனி ஆராய்ச்சிக்குரியன!

நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. கண்ணகி தானே வந்தாள். வாயிலோன் உள்ளே சென்று உரைத்தான், மன்னன் அழைத்தான், அவள் நேரில் நின்று வழக்குரைத்தாள். 59 விதிகளிலே அந்த வாயில் எங்கே இருக்கிறது? தேடினேன். 'தீங்குற்ற அரசு' கேட்கலாம் என்கிறது 42ஆம் விதி. அனைத்துலகுக்கும் உரிய கடமை மீறப்பட்டால் வேறு அரசும் கேட்கலாம் என்கிறது 48. தீங்குற்ற மனிதன்? 33ஆம் விதியின் இரண்டாம் பிரிவிலே, அரசல்லாத எவருக்கேனும் உரிமை பிறந்திருந்தால் அதற்கு இவ்வேடு தடையாகாது என்று ஒரு வரி. தடுக்கமாட்டோம் என்கிறார்கள், திறந்துவிடுவோம் என்று கூறவில்லை.

இந்த ஏட்டின் கண்கொண்டு பார்த்தால் கோவலன் யார்? புகார் நகரத்தான், சோழநாட்டான், மதுரையிலே அயலான். அவனுக்காகக் கேட்கவேண்டியவன் சோழன்! 1924லே மாவ்ரொமாத்திஸ் வழக்கில் ஹேக் நகர நீதிமன்றம் இந்தத் தத்துவத்தை உறுதி செய்தது: தன் குடிக்காக வழக்காடும் அரசு, உண்மையிலே தன் உரிமையையே நிலைநாட்டுகிறது என்று. அதாவது, சோழன் கேட்டால் வழக்கு, கேளாவிட்டால் கதை முடிந்தது.

காப்பியத்தோடு நிற்பானேன்? ஈழத்துக்கு வாருங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரையில், மண்முனைப் பகுதியிலே ஓர் இறால் பண்ணை இருந்தது. செரண்டிப் கடலுணவு நிறுவனத்துக்குரியது. அந்நிறுவனத்தின் பங்குகளிலே சுமார் 48 விழுக்காடு ஹாங்காங்கிலே பதிவு பெற்ற ஏசியன் அக்ரிகல்ச்சுரல் பிராடக்ட்ஸ் என்ற கம்பெனியின் கையில். ஜப்பானுக்கு இரண்டு முறை இறால் ஏற்றுமதியும் ஆகியிருந்தது. 1987 ஜனவரி 28ஆம் நாள், இலங்கை அரசின் பாதுகாப்புப் படை அப்பகுதியிலே நடத்திய நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது. பண்ணை ஊழியர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உழைத்துப் பிழைக்க வந்த தமிழர்கள். கொக்கட்டிச்சோலைப் படுகொலை என்று அந்த மண் இன்றும் அந்நாளைச் சொல்லுகிறது.

ஆறு மாதம் ஆகவில்லை, ஜூலையிலேயே ஹாங்காங் கம்பெனி வாஷிங்டனிலே வழக்குத் தொடுத்தது! எப்படி முடிந்தது? 1980லே பிரிட்டனும் இலங்கையும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. 1981லே அது ஹாங்காங்குக்கும் விரிந்தது. முதலீட்டாளன் தன் அரசின் தயவை நாடவேண்டியதில்லை, நேரே வந்து இலங்கை அரசைக் கூண்டில் ஏற்றலாம் என்பது அதன் விதி. முதலீட்டுத் தகராறு தீர்க்கும் சர்வதேச மையத்திலே, அத்தகைய உடன்படிக்கை ஒன்றை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வந்த முதல் வழக்கு அதுவே. எகிப்தின் எல் கோஷேரி தலைமையில், பிரான்சின் கோல்ட்மன், கானாவின் அசாந்தே ஆகியோர் நடுவர்கள். 1990 ஜூன் 27லே தீர்ப்பு.

அத்தீர்ப்பு, பொறுப்புச் சட்டம் பயில்வோர் அனைவரும் படிக்கும் பாடம். பண்ணையை அழித்தது எவர் குண்டு? அரசுப் படையினது என்றது கம்பெனி; கிளர்ச்சியாளர் பண்ணையைப் பாசறையாக்கி எதிர்த்துப் போரிட்டனர் என்றது அரசு. இரு தரப்பும் ஐயமற நிறுவவில்லை என்றனர் நடுவர்கள். 'செயல் எவருடையது' என்ற முதற் கேள்வியிலேயே வழக்கு விழுந்திருக்கவேண்டும். விழவில்லை. செயலைத்தான் நிறுவ இயலவில்லை. செயலின்மையை நிறுவ இயலுமே! தாக்குதலுக்கு முன் பண்ணை நிர்வாகத்தோடு பேசி, ஐயத்துக்குரிய ஊழியரை அமைதியான முறையிலே வெளியேற்ற வழி இருந்தது. அரசு அதனை நாடவில்லை. கொலைகளையும் அழிவையும் தடுத்திட எடுக்கவேண்டிய முன்னெச்சரிக்கையிலே தவறிவிட்டது, ஆகவே பொறுப்பு என்றனர் பெரும்பான்மையினர். அசாந்தே மாறுபட்டுத் தனிக் கருத்து எழுதினார். கம்பெனி கேட்டது 80 இலட்சம் டாலருக்கு மேல். எதிர்கால இலாபமென்று காட்டிய கணக்கை நடுவர்கள் ஏற்கவில்லை. கையிலிருந்த சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டு 4,60,000 டாலரும், அதற்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டியும் வழங்கச் சொன்னார்கள்.

வாதம் நேர்த்தியானதுதான், மறுக்கவில்லை. அரசின் செயலின்மையைக் குற்றமென்று கண்ட அந்தப் பகுதியை வழக்கறிஞராக விரும்பும் ஒவ்வோர் இளைஞனும் பயிலவேண்டும். ஆனால், தீர்ப்பை மூடிவைத்த பிறகு எழும் கேள்வியை எந்த வாதத் திறமை அடக்கும்? குளத்துக்கு விலை உண்டு, இறாலுக்கு விலை உண்டு, பங்குக்கு விலை உண்டு. கொல்லப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட மனிதர்களோ ஏட்டிலே சாட்சியமாக வருகிறார்கள், வழக்காளியாக வரவில்லை. அரசின் கவனக்குறைவை மெய்ப்பிக்க அவர்கள் மரணம் பயன்பட்டது. இழப்பீட்டுக் கணக்கிலே அவர்களுக்கு வரி இல்லை.

நடுவர்களைக் குறைகூறுவது முறையாகாது என்று கற்றோர் கூறுவர். உண்மை. முதலீட்டு நீதிமன்றம் முதலீட்டைத்தான் விசாரிக்கும். துணிக்கடையிலே அரிசி கேட்கலாகாது. ஆயின் அரிசிக் கடை எங்கே என்று கேட்கலாமல்லவா? அதே 1980ஆம் ஆண்டு, குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையிலும் இலங்கை சேர்ந்தது. உயிர்வாழும் உரிமை அதிலே பொறிக்கப்பட்டுள்ளது. தனிமனிதன் முறையிடும் வழியோ அதன் துணை ஏட்டிலே இருக்கிறது. அதிலே இலங்கை சேர்ந்தது 1997லேதான்! ஒரே ஆண்டிலே இரண்டு வாக்குறுதிகள். பணத்துக்குத் தந்த வாக்குறுதியிலே கதவு வைத்தார்கள். உயிருக்குத் தந்ததிலே சுவர் வைத்தார்கள். பதினேழு ஆண்டு கழித்துச் சுவரிலே திட்டிவாசல் திறந்தது. 2006லே, ஒரு தமிழ்க் கைதியின் வழக்கிலே, அந்தத் திட்டிவாசலைத் திறந்ததே அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று இலங்கை உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டித் தப்பமுடியாது என்று முன்னே கண்டோமே, அந்த விதி நூலகத்திலே பத்திரமாக இருக்கிறது.

குடிமக்களுக்கே இக்கதி. குடியுரிமையே இல்லாதவருக்கு? 1948லே இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத்துத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அவருக்காகக் கேட்க எந்தச் சோழன் இருந்தான்? 1964லே சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள், எண்ணப்பட்டவரைக் கேளாமலே.

அரசு கேட்டால் நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2012 பிப்ரவரி 15, கேரளக் கடற்பரப்பிலே என்ரிக்கா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்த கடற்படை வீரர்கள் சுட்டு, மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். சுட்டவர்கள் அரசின் ஊழியர்கள், ஆகவே இந்திய நீதிமன்றம் அவர்களை விசாரிக்க இயலாது என்று நடுவர் மன்றம் 2020லே கூறிற்று. ஆனால், அவர்கள் அரசின் ஊழியர்கள் என்பதாலேயே இத்தாலி பொறுப்பு என்றும் கூறிற்று. ஒரே வாதம், இரண்டு முனை! இத்தாலி பத்துக் கோடி ரூபாய் செலுத்தியது. 2021 ஜூனிலே உச்சநீதிமன்றம் மாண்டவர் குடும்பங்களுக்குத் தலா நான்கு கோடி, படகு உரிமையாளருக்கு இரண்டு கோடி என்று பிரித்து, வழக்கை முடித்தது.

பக்கத்து அரியலூரிலேயும் ஒரு சான்று: ஸ்ரீபுரந்தான் கோயிலிலே களவு போன நடராசர் சிலையை, 50 இலட்சம் டாலர் கொடுத்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008லே வாங்கியிருந்தது. இந்திய அரசு கேட்டது. 2014 செப்டம்பரிலே அந்நாட்டுப் பிரதமரே தில்லிக்கு வந்து ஒப்படைத்தார். தன்னைக் காத்துக்கொள்ள இயலாத கடவுளுக்காக இரு பிரதமர்கள் மேடையேறினார்கள். ஏறட்டும், கலைச்செல்வம் திரும்பியதிலே நமக்கு மகிழ்ச்சியே.

இராமேசுவரத்து மீனவன் இலங்கைக் கடற்படையின் குண்டுக்கு இரையானபோது? கண்டனக் கடிதங்கள் உண்டு, தூதரை அழைத்துப் பேசியதுண்டு. சர்வதேச மன்றத்திலே இந்தியா ஒரு வழக்கேனும் தொடுத்ததில்லை. ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று இந்தியா 1974லே தந்த அறிக்கையிலே, காமன்வெல்த்திலே இருக்கும், அல்லது இருந்த, எந்த நாட்டோடும் உள்ள தகராறு இதிலே அடங்காது என்று ஒரு விலக்கு உண்டு. இலங்கை காமன்வெல்த் நாடு. 2019லே புது அறிக்கை தந்தபோதும் அந்த வரியை விடாது எழுதினார்கள். அது போகட்டும், வேறு வழியும் இருக்கிறது: மீனவர் இருவர் மாண்ட வழக்கிலே இத்தாலி 2015லே இந்தியாவை இழுத்துச் சென்றது, ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் கீழ். அதிலே இலங்கை 1994லும் இந்தியா 1995லும் சேர்ந்துவிட்டன. அந்த வாயிலிலே பூட்டில்லை. தில்லி இன்னும் அங்கே போய் நிற்கவில்லை.