வத்திராயிருப்பில் கிடைக்குமா?

கிருஷ்ணன்கோவிலில் மதுரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் வயல்களும் தென்னந்தோப்புகளும் தொடங்கிவிடும். சுந்தரபாண்டியம் வழியாக வத்திராயிருப்புக்குப் போகும் இந்தச் சாலையில் இருவகை இரும்பு சைக்கிள்கள் ஓடுகின்றன. ஒன்று, கேரியரில் புல்லுக்கட்டோ உரமூட்டையோ ஏறிய கறுப்பு ஹெர்குலிஸ். மற்றொன்று, இருபுறமும் பைகள் தொங்க, பிலவக்கல் அணையைக் குறிவைத்து விடியலில் வரும் டூரிங் சைக்கிள். இரண்டாவதை ஓட்டுகிறவர்கள் அதன் ஒவ்வொரு உறுப்பையும் தாமே தேடித் தேர்ந்து பூட்டியிருப்பார்கள். அந்தத் தேர்வையும், கூட்டமாகச் சேர்ந்து போகும் அவர்களது பயண வழக்கத்தையும் இந்தச் சாலையில் வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். பட்டியல் புத்தகத்தில் எல்லா உறுப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மிதிவண்டியில் ஊர் சுற்றுவோருக்கான சங்கம் இங்கிலாந்தில் 1878-லேயே தோன்றியது. பிரான்சில் செந்தெத்தியேன் என்னும் தொழில் நகரத்தில் வாழ்ந்த போல் தெ விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் 1887 முதல் ஒரு பத்திரிகை நடத்தி, பல கியர்கள் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். அவர் இறந்தது 1930-ல். டூர் தெ பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றியை அனுமதித்ததோ 1937-ல்தான். பயணிகளும் பந்தயக்காரர்களும் சைக்கிளை வேறுவேறு கண்ணால் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1994-ல் அமெரிக்காவில் கிராண்ட் பீட்டர்சன் தொடங்கிய ரிவெண்டெல் நிறுவனம், அலுமினியமும் கார்பனும் சந்தையை ஆண்ட காலத்தில் இரும்புச் சட்டத்தையும் அகன்ற டயரையும் நிமிர்ந்த இருக்கையையும் பிடிவாதமாக முன்வைத்தது. இன்று தமிழ்நாட்டில் இரும்பு டூரிங் சைக்கிளை விரும்புகிறவர்களின் ரசனையில் இந்தப் பிரெஞ்சு, அமெரிக்க மரபுகள் இரண்டின் சாயலும் தெரிகிறது.

இவர்களிடம் நான் மதிக்கும் முதல் குணம், ஆண்டுக்கொரு மாடல் என்ற ஓட்டத்துக்கு இவர்கள் பணியாமல் இருப்பது. நன்றாக ஓடும் பாகத்தைக் கழற்றி எறிய மாட்டார்கள். பழைய பெடல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறும். கோன் தேய்ந்தால் கோனை மட்டும் மாற்றுவார்கள். 20 ஆண்டு வேலை செய்யும் என்று நம்பி ஒரு பொருளை வாங்குவதும், அதை வேலை செய்ய வைக்கத் தாமே கற்றுக்கொள்வதும் அரிதாகிவரும் காலத்தில் இது பெரிய விஷயம்.

இரும்பைத் தேர்வதற்கான காரணங்களிலும் பாதி உண்மையானவை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான அழுத்தம் எத்தனை முறை வந்து போனாலும் எஃகு சோர்வடைந்து முறிவதில்லை. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது. எஃகுச் சட்டம் பெரும்பாலும் விரிசல் காட்டி எச்சரித்துவிட்டுத்தான் போகும். மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும் வண்டிக்கு இது உயிர்காக்கும் பண்பு. மீதிப் பாதி, எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பழகிய நம்பிக்கை. "இரும்புன்னா எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் பத்தவச்சுக்கலாம்" என்பார்கள். கறுப்பு ஹெர்குலிஸுக்கு அது பொருந்தும். அதன் குழாய் தடித்தது, கேஸ் வெல்டிங்கின் சூட்டைத் தாங்கும். டூரிங் சட்டத்தின் குரோமோலி குழாயோ, முனைகளில் தடித்து நடுவில் 0.6 மில்லிமீட்டர் வரை மெலிந்தது. முனை தடித்த குழாய்க்கு பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் 1897-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். எடை குறைய உதவும் இந்த நுட்பமே பழுதுபார்ப்பைக் கடினமாக்குகிறது. டிராக்டர் கலப்பைக்கு வெல்டு வைக்கும் பட்டறையில் அதே கையோடு இதைப் பிடித்தால் குழாய் ஓட்டையாகிவிடும். நெல்லறுப்பு இயந்திரத்துக்கு வெல்டு வைப்பவரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரிடம் இருக்கும் தடித்த ராடும் கூடுதல் கரண்டும் வேறு வேலைக்கானவை.

ஆகவே 'எங்கும் பழுதுபார்க்கலாம்' என்ற வாக்கியம் சட்டத்தைவிட உதிரிபாகங்களுக்கே அதிகம் பொருந்த வேண்டும். இந்த வழக்கம் தடுமாறுவதும் அங்கேதான்.

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். டூரிங் ஆர்வலர்களில் பலர் 700சி எனப்படும், ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர் உள்ள சக்கரத்தைத் தேர்கிறார்கள். நம் ஊர்க் கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம் 635 மில்லிமீட்டர். இரண்டையுமே '28 இஞ்ச்' என்று சொல்வோர் உண்டு. அவசரத்துக்கு வாங்கிய டயர் 13 மில்லிமீட்டர் வித்தியாசத்தால் ரிம்மில் பிடிக்காது, கழன்றுவிடும். ஆனால் பள்ளிப் பையன்கள் ஓட்டும் தடித்த டயர் சைக்கிள்களின் 26 இஞ்ச் சக்கரம், அதாவது 559 மில்லிமீட்டர் ரிம், சின்ன ஊர்க் கடைகளிலும் புழங்குவது. அதற்கான டயரும் ட்யூபும் வத்திராயிருப்பில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைக்கும். உலகம் சுற்றிய பழைய பயணிகள் 26 இஞ்சை விரும்பியதற்கும் இதே காரணம்தான். சர்லி நிறுவனத்தின் லாங் ஹால் டிரக்கர் போன்ற பெயர்பெற்ற டூரிங் சட்டங்கள் 26 இஞ்சிலும் வந்தன. மேலைநாட்டுச் சந்தை இப்போது அதைக் கைவிட்டுவருகிறது. அங்கே கைவிடப்பட்டதால் இங்கும் கைவிடுவது, இந்தக் கூட்டம் தன் கொள்கையைத் தானே மறப்பதாகும். தென்மாவட்டங்களில் மூட்டையோடு சுற்ற வேண்டும் என்றால் 26 இஞ்சே சரியான சக்கரம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அகன்ற டயரைக் குறைந்த காற்றில் ஓட்டினால் வேகம் குறைவதில்லை என்று யான் ஹைனே போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சோதித்து எழுதிவருவதால், வேகத்தை வைத்து மறுப்பதற்கும் பெரிய இடமில்லை.

வால்வு இதைவிடச் சின்னப் பொருள், இதைவிடப் பெரிய தொல்லை. நம் கடைகளில் வால்டியூப் போட்ட பழைய வால்வும், மோட்டார் சைக்கிள் வால்வும் உண்டு. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்குள்ள பம்பு பொருந்தாது. விரல்நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் காற்று அடித்துவிடலாம். ஆனால் ரிம்மில் துளையே பிரெஸ்டாவுக்கென 6.5 மில்லிமீட்டரில் போடப்பட்டிருந்தால் உள்ளூர் ட்யூபின் வால்வு அதில் நுழையாது. பெரிய துளையுள்ள ரிம்மை வாங்கியவருக்கு இரு வழியும் திறந்திருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. வாங்கும் நாளில் யோசித்தால் போதும். ஹப்பின் பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்தத் துளையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஹப்பிலும், பி.பி. எனப்படும் பெடல் அச்சிலும் நிலைமை சற்றுச் சிக்கலானது. கோனும் கப்பும் உதிரிக் குண்டுகளும் கொண்ட பழைய அமைப்பை எந்த மெக்கானிக்கும் ஓவராயில் செய்துவிடுவார். பின்சக்கர ஹப்பின் கால் இஞ்ச் குண்டுகள் எல்லாக் கடையிலும் டப்பாவில் கிடக்கும். சீல் செய்த பேரிங் அப்படியில்லை, கிராமத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவது பொது வழக்கம். நான் ராஜபாளையத்தை நினைத்துக்கொள்கிறேன். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் வந்ததிலிருந்து நூற்பாலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. ஆலை இயந்திரங்கள் ஓடும் ஊரில் பேரிங் வியாபாரம் இருக்கும். சீல் பேரிங்குக்கு உலகப் பொதுவான எண் உண்டு. எண்ணைச் சொல்லிக் கேட்டால், சைக்கிள் கடையில் இல்லாதது பேரிங் கடையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பழையது எல்லாம் நல்லது, புதியது எல்லாம் ஆகாது என்று இந்தக் கூட்டத்தில் சிலர் பேசுவதை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பாகம் போனால் அடுத்த ஊரில் யார் கையில் இதன் மாற்று இருக்கிறது என்பதுதான்.

கியர் விஷயத்தில் டூரிங் மரபு நம் கறுப்பு சைக்கிளைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. முன்னே 48 பல், பின்னே 18 பல் போட்ட சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி கிட்டத்தட்ட 6 மீட்டர் நகரும். சமதரைக்கு அது பொருத்தம். ஆரியங்காவு ஏற்றத்திலோ, சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும்போதோ அந்த 6 மீட்டர் முழங்காலைத் தின்றுவிடும். முன்னே 26 பல், பின்னே 34 பல் என்று இறக்கினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும். ஐம்பது வயதுக்காரர் மூட்டையோடு மலை ஏற முடிவது இதனால்தான். இதோடு படிப்படியாக 'டிக் டிக்' என்று விழாமல் உராய்வில் நிற்கும் பழைய வகை லீவரைச் சேர்த்தவர்களைப் பாராட்ட வேண்டும். கியர் மாற்றி உடைந்தால், பள்ளிப் பையனின் கியர் சைக்கிளுக்குப் போடும் மலிவான மாற்றியைப் பூட்டிக்கொண்டு மேலே போகலாம். அந்த லீவர் எதோடும் ஒத்துப்போகும்.

தோல் சீட்டு, ஹப் டைனமோ பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இரவு முழுக்க ஓட்டுகிறவருக்கு டைனமோ தேவை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவருக்கு அது வீண் செலவு. தோல் சீட்டு உடம்புக்குத் தக்கபடி வளையும், ஐப்பசி மழையில் நனைந்தால் கெடும். விலையுயர்ந்த இப்பொருட்கள் கூட்டத்துக்குள் நுழைவதற்கான அடையாள அட்டையாக மாறுவதுதான் எனக்கு வருத்தம். புதிதாக வருகிற இளைஞர் வண்டியைவிடச் சீட்டுக்கு அதிகம் செலவழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்.

கூட்டுப் பயணத்துக்கு வருவோம். தனியே படித்துத் தேர்ந்த பாகம் சரிதானா என்பது நாலு பேரோடு நூறு கிலோமீட்டர் போகும்போது தெரிந்துவிடும். ஒருவருடைய கேரியர் போல்ட் கழல்கிறது, இன்னொருவருடையது கழலவில்லை என்றால் காரணத்தை வழியிலேயே பார்த்துவிடலாம். பிரெஞ்சு மரபிலிருந்து வந்த பிரவே பயணங்கள் ஆடாக்ஸ் இந்தியா வழியாக நம் நாட்டில் வேரூன்றியிருக்கின்றன. 200 கிலோமீட்டருக்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. வழியில் சொந்த வண்டி பின்தொடர்ந்து உதவவும் கூடாது. தன் பழுதைத் தானே பார்த்துக்கொள் என்ற விதி, எளிய பாகங்களைத் தேர்வோருக்கு நியாயம் செய்கிறது. ஆனால் கடிகாரம் இருக்கும் இடத்தில் கடைசியில் வருபவருக்காகக் காத்திருப்பது கடினம். நிதானமாகப் போகும் டூரிங் கூட்டங்களின் மேன்மை, மெதுவாக மிதிப்பவரே கூட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பதில் இருக்கிறது. ஆனி, ஆடியில் ராஜபாளையத்திலிருந்து தென்காசிப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் எதிர்க்காற்றில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போனால்தான் முன்னேற முடியும். வலுத்தவர் முன்னே நின்று காற்றை வாங்கிக்கொள்வார். சேர்ந்து ஓட்டுவதன் மிக அழகான பகுதி அதுவே என்று நினைக்கிறேன்.

ஆனால் யார் யாரோடு சேர்ந்து ஓட்டுகிறார்கள்? தமிழ்நாட்டில் சைக்கிள் ஒரு சமூக வரலாற்றைச் சுமந்து ஓடுகிறது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் மில்லுக்கும் வயலுக்கும் ஆட்களைச் சுமந்தன. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்று, தாமே சந்தைக்கும் வேலைக்கும் போகத் தொடங்கினார்கள். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென ஆரம்பித்த விலையில்லா சைக்கிள் திட்டம் பின்னர் பரந்தது. சுந்தரபாண்டியம் சாலையில் காலை எட்டு மணிக்குப் பாருங்கள், பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள் அந்தச் சைக்கிள்களில்தான் போகிறார்கள். இந்த மண்ணின் உண்மையான இரும்பு சைக்கிள்காரர்கள் இவர்கள். டூரிங் கூட்டங்களின் படங்களில் இவர்கள் பின்னணியாக வருகிறார்கள், பயணத்தில் வருவதில்லை. ஐந்து மணிக்குக் கிளம்பி மதியம் வரை ஓட்டும் பயணத்தில் ஷிப்ட் முடித்துவந்த மில் தொழிலாளி கலந்துகொள்ள முடியாது. மாலையில் பிலவக்கல் வரை போய்த் திரும்பும் இருபது, முப்பது கிலோமீட்டர் பயணம் என்றால் முடியும். ஒற்றைக் கியர் வண்டியும் அதற்குப் போதும்.

பழைய சைக்கிள் தேடும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டுத் திண்ணையில் கிடக்கும் ராலேயையோ பிலிப்ஸையோ வாங்கிச் சுத்தம் செய்து ஓட்டுகிறவர்களால் அந்த வண்டிக்கு இன்னொரு ஆயுள் கிடைக்கிறது. விளக்கையும் பெல்லையும் மட்டும் கழற்றிக்கொண்டு சட்டத்தைக் காயலான் கடைக்குத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடும் நிலையில் உள்ள வண்டியைப் பிரிப்பது தவறு என்று இந்தக் கூட்டங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பயணம் முடிந்தபின் எழுதிப் பகிரும் குறிப்புகளில் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் தவறாமல் இருக்கும். எனக்கு அவை போதவில்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து வத்திராயிருப்பு வரை கோட்டம் எடுக்கத் தெரிந்த மெக்கானிக் எந்தக் கடையில் இருக்கிறார், அவரிடம் எந்த அளவு டயர் இருக்கிறது, ஞாயிறு கடை உண்டா என்பதை எழுதலாம். ஆடி அமாவாசையை ஒட்டிச் சதுரகிரிக்குப் போகும் கூட்டத்தால் தாணிப்பாறைச் சாலை நிறைந்துவிடும், அந்த நாட்களைத் தவிர்க்கச் சொல்லலாம். மலையடிவாரக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், அனுமதியின்றி வண்டியை உள்ளே உருட்டக் கூடாது என்பதையும் சொல்லலாம். அந்த மெக்கானிக்கை ஒருநாள் கூட்டத்துக்கு அழைத்து, கறுப்பு சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 கம்பியும் முன்சக்கரத்தில் 32 கம்பியும் ஏன் போடுகிறார்கள் என்று கேட்கலாம். பாரம் பின்னால் இருப்பதால் கம்பியும் பின்னால் கூடுதலாக வேண்டும் என்ற கணக்கு, இரண்டு சக்கரத்துக்கும் 36 என்று வாங்கிவிடும் டூரிங் ஆர்வலருக்கும் பயன்படும். தன் ஹப்புக்கு ஏற்ற நீளத்தில் கம்பி அந்த மெக்கானிக்கின் கடையில் இருக்காது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அடுத்த பயணத்துக்கு நாலு கம்பியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வரலாம்.