மார்க்கெட்டுக்கு வராத எஃகு

புதுச்சேரி குபேர் மார்க்கெட்டில் வஞ்சிரம் துண்டு போடும் கத்தியைக் காட்டி "இது என்ன எஃகு?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே விசித்திரமாகப் படும். தமிழ்நாட்டுக் கொல்லுப்பட்டறைகளில் அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான். அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கூடவே கொஞ்சம் சிலிக்கானோ குரோமியமோ. மழுங்கினால் கல்லில் நாலு இழுப்பு, மறுபடி வேலை.

கத்தி சேகரிப்போரின் உலகம் இதற்கு நேர் எதிர். அங்கே முதல் கேள்வியே எஃகின் பெயர்தான். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ போன்ற நிறுவனங்கள், வழக்கமாக விற்கும் கத்தியையே வேறோர் உயர்ரக எஃகில் ஒரு தடவை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. ‘ஸ்பிரின்ட் ரன்’ என்பது அவர்கள் வைத்த பெயர். அவ்வளவு நல்ல எஃகென்றால் எல்லாக் கத்தியிலும் போடலாமே என்று யாருக்கும் தோன்றும். வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அது பாதிதான் சரி.

எஸ்90வி என்ற எஃகை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 2.3 சதவீதம் கார்பன், 14 சதவீதம் குரோமியம், 9 சதவீதம் வனேடியம். உருக்கி அச்சில் ஊற்றி இதைச் செய்தால் கார்பைடுகள் திரண்டு எஃகு உடையக்கூடியதாகிவிடும். அதனால் உருகிய உலோகத்தை நுண்துகளாக்கி, அந்தத் துகளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். வனேடியம் கார்பைடு, சாதாரண சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. எது கத்தியின் கூரை நீண்ட நாள் காக்கிறதோ, அதுவே பட்டறையில் தேய்ப்புப் பட்டைகளைத் தின்று தீர்க்கிறது. பதம் வைக்க 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் கட்டுப்பாடான உலை வேண்டும். நெருப்பின் நிறம் பார்த்துப் பதம் போடும் கை இங்கே உதவாது. இத்தனை செலவு செய்து ஆயிரக்கணக்கில் குவித்தபின் வாங்க ஆளில்லாமல் போனால்? கொஞ்சமாகச் செய்து பார்ப்பதுதான் புத்தி. எஃகு தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. எஸ்90வியைத் தந்த நியூயார்க் மாநிலத்துக் குரூசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் திவாலானது.

நல்ல எஃகு கையாளக் கடினமானது என்பது பழைய கதைதான், நம் ஊர்க் கதையும்கூட. புதுச்சேரிக்கு மேற்கே, பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் மூசையில் உருக்கெடுத்த தடயங்களை ஆய்வாளர் ஷாரதா ஸ்ரீநிவாசன் ஆய்ந்து எழுதியிருக்கிறார். உலகம் ‘வூட்ஸ்’ என்றழைத்த, கார்பன் மிகுந்த தென்னிந்திய எஃகு அது. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய எஃகுக் கட்டிகளைப் பாரிஸ் கொல்லர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களால் அவற்றை அடித்து ஒரு கருவியாக்க முடியவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டு, சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் விற்றார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் கலந்த எஃகுகளையும் செய்து பார்த்தார்கள். அப்படிக் கலந்த எஃகில் சவரக்கத்தி செய்து ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார். ஸ்பிரின்ட் ரன்னுக்கு அதைவிட நல்ல முன்னோடி கிடைக்காது. ரோடியம் விலைக்குக் கடைக்கத்தி எப்படிக் கட்டுப்படியாகும்? ஃபாரடேயின் எஃகு மாதிரிகளை உலோகவியலாளர் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் முறையாகப் பகுத்தாய்ந்து நூலாக வெளியிட்டது 1931இல்தான். இடையில் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

என் குறை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. குறைந்த எண்ணிக்கை ஒரு சோதனை என்றால் அதற்கு முடிவு வேண்டும். கத்தி உண்மையாகவே வெட்டிப் பார்க்கப்பட வேண்டும். எங்கே சில்லு தெறித்தது, எத்தனை நாள் கூர் நின்றது என்பது செய்தவனுக்குத் திரும்பி வர வேண்டும். நடப்பது வேறு. எண் பொறித்த கத்தியை வாங்குகிறவர்களில் பலர் பெட்டியையே பிரிப்பதில்லை. தேங்காய் நறுக்கினால் மறுவிற்பனை விலை இறங்கிவிடுமே! சோதனைக்கென்று செய்த பொருளைச் சோதிக்காமல் வைத்திருப்பவருக்கே லாபம் என்றால், நிறுவனத்தின் காதுக்கு எட்டுவது "எத்தனை நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தது" என்ற ஒரே செய்திதான். அது எஃகைப் பற்றிய செய்தி அல்ல.

பெயருக்கே விலை என்றானபின் மற்றவை மறைந்துவிடுகின்றன. கத்தி வெட்டுவதை முதலில் தீர்மானிப்பது அலகின் கனமும் கூரின் கோணமும், பிறகு பதம். தடித்த அலகில் எஸ்90வி போட்டால் தக்காளி நசுங்கும். ஒழுங்காகப் பதம் வைத்து மெல்லிசாக இழைத்த லாரிப் பட்டை அதைத் தோற்கடிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பல விளம்பரங்களில் எஃகின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கடினத்தன்மை எண்ணைத் தேட வேண்டியிருக்கும்.

சாணையும் ஒரு சிக்கல். இந்தக் கத்தியை சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுத்தால் கல் வழுக்கும். அவர் இன்னும் அழுத்துவார், பொறி பறக்கும், சூட்டில் முனையின் பதம் போகும். வைரத்தூள் பதித்த தட்டு வேண்டும் என்பதைக் கத்தியோடு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பிரெஞ்சுக்காரர்களின் ஒபினெல் கத்தியை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1890இல் சவோயில் பிறந்தது. மரப்பிடி, மெல்லிய அலகு. பெரும்பாலும் இரண்டே எஃகு: ஒன்று கார்பன் எஃகு, மற்றது துருப்பிடிக்காதது. உயர்ரகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரொட்டியும் பழமும் சீஸும் அறுக்க அதைவிடப் பெரிதாக எதுவும் தேவையில்லை. மழுங்கினால் எந்தக் கல்லிலும் தீட்டலாம். கடற்காற்று உப்போடு வீசும் நம் ஊரில் கார்பன் அலகு ஒரே வாரத்தில் பழுப்பேறும் என்பது மட்டும் அதன் குறை.

ஆகவே புது எஃகே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. உப்புக்காற்றிலும் மீன் நீரிலும் துருவேறாமல், சில்லும் தெறிக்காமல் கூர் நிற்கும் எஃகு நம் மார்க்கெட்டுக்குத்தான் முதலில் தேவை. 2001இல் வந்தபோது எஸ்30வி அபூர்வம். இன்று அது பல நிறுவனங்களின் வழக்கமான எஃகு. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்த மேக்னாகட் இன்னும் வேகமாக அன்றாடக் கத்திகளுக்கு இறங்கிவிட்டது. அதன் சேர்மானம், பதம் வைக்கும் வெப்பநிலை, சோதனை முடிவுகள் எல்லாவற்றையும் அவரே வெளிப்படையாக எழுதினார். எந்தக் கத்திக்காரரும் அதைப் படித்துத் தன் உலையில் செய்து பார்க்க முடிந்தது.

ஐந்நூறு கத்தி செய்கிற நிறுவனம் அதில் இருபதை எண் பொறிக்காமல், காலை முதல் மதியம் வரை மீன் வெட்டுகிறவர்களிடம் கொடுத்து, ஆறு மாதம் கழித்து அலகுகளைத் திருப்பி வாங்கி உருப்பெருக்கியில் பார்க்கட்டும். தெரிந்ததை அடுத்த விளம்பரத்தில் அப்படியே போடட்டும். மிச்சம் நானூற்று எண்பதை என்ன விலைக்கு விற்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.