ஓரக் கிறுக்கல்களும் நிலமும்

பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் என்ற படிப்பு எங்கே பிறந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், வெளிநாடு போகும் அதிகாரிகளுக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்திய பயிற்சி நிலையத்தில் எட்வர்ட் டி. ஹால் பாடம் எடுத்தார். 1959இல் அவருடைய 'தி சைலண்ட் லாங்வேஜ்' வெளிவந்தது. அந்நியரிடம் எவ்வளவு தள்ளி நின்று பேசுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்லும் நூல். ஆனால் யார் யாருடைய மண்ணுக்கு எதற்காகப் போகிறார் என்ற கேள்வி இந்தச் சொல்லாடலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

சுரேஷ் கனகராஜா அந்தக் கேள்வியை உள்ளே கொண்டுவந்தவர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானவர். வகுப்பில் பயன்பட்ட அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியதையெல்லாம் அவர் ஒரு பிரதியாக வாசித்தார். காதல், சினிமா, அன்றைய போராட்டம் எல்லாம் அதில் இருந்தன. 'ஆகா, எதிர்ப்பு!' என்று அவர் துள்ளவில்லை. அதே மாணவர்கள்தான் பரீட்சைக்கு இலக்கணம் போதும் என்றும் கேட்டார்கள். இந்த இரட்டை நிலையை மறைக்காமல் எழுதியதுதான் அவருடைய 1993ஆம் ஆண்டுக் கட்டுரையின் பலம்.

2002இல் வந்த 'எ ஜியோபாலிடிக்ஸ் ஆஃப் அகாடமிக் ரைட்டிங்' இன்னும் கறாரானது. தாள் இல்லை, மின்சாரம் இல்லை, புதிய ஆய்விதழ்கள் வந்துசேர்வதில்லை. இந்த நிலையில் மேற்கத்திய ஆய்விதழ் கேட்கும் வடிவத்தில் ஒருவர் எப்படி எழுதி அனுப்புவது? அறிவுக்கு அடியில் ஒரு பௌதிக அடித்தளம் இருக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்தவரிடம் விளக்க வேண்டியதில்லை.

2013இல் வந்த 'டிரான்ஸ்லிங்குவல் பிராக்டிஸ்' நூலில் அழுத்தம் இடம் மாறுகிறது. வெவ்வேறு மொழிக்காரர்கள் சந்திக்குமிடத்தில் பேசிப் பேசியே அர்த்தத்தை உண்டாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் முன்னுக்கு வருகிறது. இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நெய்வேலியில் இருந்துகொண்டு இதைப் படித்தால் பாதி சரியாகத்தான் தெரியும். 1956இல் தொடங்கிய நிறுவனம் இது. சுரங்கத்துக்கு ஜெர்மன் இயந்திரம், 1962இல் மின் உற்பத்தி தொடங்கிய அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் உதவி. பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த இயந்திரங்களோடு பழகி 'பக்கெட் வீல்' என்பதைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டார்கள். எந்த மொழிப் பாடமும் இல்லாமல் நடந்தது இது. கனகராஜா சொல்லும் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மறுபாதி நிலம். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 'பொது நோக்கம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் சொன்னது அரசு மட்டும்தான். 'எங்க கொல்லை' என்று சொன்னவருக்கு அந்த அர்த்தத்தில் பங்கில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக் கால்வாய்க்காக, நின்றிருந்த நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கின. அங்கே யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. இரு தரப்புக்கும் எல்லாம் நன்றாகவே புரிந்திருந்தது.

புரிதலின்மைதான் சிக்கல் என்று ஹால் மரபு நம்பியது. புரியவைக்கும் திறமை விளிம்பிடம் உண்டு என்று பிந்தைய கனகராஜா காட்டுகிறார். புரிந்த பிறகும் ஒருவர் மண் போகிறதே, அதைச் சொல்ல இந்த இரண்டும் போதாது. தாளும் மின்சாரமும் இல்லாததைக் கணக்கில் எடுத்த அந்த 2002ஆம் ஆண்டு நூல்தான் நமக்கு இப்போது தேவை. பாடநூலின் ஓரத்தில் கிறுக்கினால் பாடநூல் மாணவனுடையதாகிவிடலாம். நில எடுப்பு நோட்டீசுக்கும் ஓரம் உண்டு. அதில் எதைக் கிறுக்கினாலும் கொல்லை திரும்பி வராது.